நான்கு விநாடி இடைவெளி

சக்கரத்தைக் கண்டுபிடித்த பிறகு மனிதகுலம் எடுத்துவைத்த அடுத்த பெரிய அடி, தண்ணீர்ப் பம்பு கம்பெனியின் விற்பனை மேலாளர் கார் ஓட்டிக்கொண்டே ஸ்பானியம் கற்கத் தொடங்கியதுதான். இடையில் நடந்ததெல்லாம் சில்லறை விவகாரம்.

ஸ்பெயினிலிருந்து ஒரு பெரிய வியாபாரி வரப்போகிறார், அவர் மொழியில் அவரோடு பேசுகிறவரே அடுத்த பொது மேலாளர் என்று அலுவலகக் கூட்டத்தில் ‘ஏகமனதாக’ முடிவாயிற்று. அன்று மாலையே மேலாளர் ஒலிப்பாடம் வாங்கிவிட்டார். வீட்டிலிருந்து அலுவலகம் நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடமும் கார் ஒரு ‘பல்கலைக்கழகம்’. வளாகத்துக்குள் தமிழுக்குத் தடை. அவருடைய மனைவி மூன்றாம் பாடத்திலேயே பேருந்துக்கு மாறிவிட்டார். பின்சீட்டில் மிஞ்சியது, போகிற வழியில் வாசகசாலையில் இறங்கும் அப்பா மட்டும்.

பாடமுறை மிக உயர்ந்தது. ஓர் அம்மையார் தேன் சொட்டும் குரலில் கேள்வி கேட்பார். பிறகு நான்கு விநாடி இடைவெளி. அதற்குள் பதில் சொல்லிவிட வேண்டும்.

அப்பா முப்பத்திரண்டு வருஷம் தந்தி ஆபீசில் இருந்தவர். எவ்வளவு பெரிய சேதியையும் சுண்டக் காய்ச்சத் தெரியும். கண்ணில் புரை முற்றிவிட்டது, வியாழக்கிழமை அறுவை சிகிச்சை, வீட்டாள் ஒருவர் வந்து கையெழுத்துப் போட்டால்தான் செய்வார்கள் என்பதை அவர் நான்கு விநாடிக்குள் அடக்கினார்.

“கண் ஆபரேஷன். வியாழன். கையெழுத்து. நீ வா.”

மேலாளர் வாயைத் திறப்பதும் அதே நான்கு விநாடியில்தான் என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை.

“உங்கள் அப்பா எப்படி இருக்கிறார்?” என்று ஸ்பானியத்தில் கேட்டிருந்தார் அம்மையார்.

“மி பாத்ரே எஸ்தா பியென், கிராசியாஸ்!” என்று முழங்கினார் மேலாளர். என் அப்பா நலமாக இருக்கிறார், நன்றி என்று பொருள்.

“அப்பா, நடுவுல பேசாதீங்கப்பா. ஓட்டம் போயிடுது.”

“ஒரே ஒரு விஷயம்பா...”

“வீட்ல சொல்லுங்க.”

வீட்டில் மேலாளர் காதில் இயர்போன், அதற்குள்ளும் அம்மையார்.

அப்பா மனம் தளரவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரிப் படிவத்தை முன்சீட்டில், மகன் கண்ணில் படும்படி வைத்தார். மேலாளரும் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. சிவப்பு விளக்கில் நின்றபோதெல்லாம் அதில் ஸ்பானிய வினைச்சொற்களை அழகாக எழுதி நிரப்பினார்.

புதன்கிழமை கடைசி முயற்சி.

“நாளைக்கு வருவியாப்பா?”

“சி!” என்றார் மேலாளர். காபி வேண்டுமா என்று அம்மையார் கேட்டிருந்தார்.

ஐந்து மாதம் பின்சீட்டில் உட்கார்ந்திருந்த அப்பாவுக்கு ‘சி’ என்றால் ‘ஆமாம்’ என்று தெரியும். அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினார்.

வியாழக்கிழமை, “கண் ஆஸ்பத்திரியில நிறுத்து” என்றார். மேலாளர் பாடத்தை நிறுத்தாமல் காரை மட்டும் நிறுத்தினார். மகன் வண்டியை ஓரம் கட்டிவிட்டு வருவான் என்று அப்பா வாசலில் நின்றார். வண்டி விமான நிலையத்துக்குப் பறந்தது.

ஸ்பெயின் வியாபாரி வெள்ளைத் தாடிக்காரர், சாது. வரவேற்பைக் கேட்டு உருகிப்போனார். முன்சீட்டில் கிடந்த காகிதத்தை எடுத்து வினைச்சொற்களைப் பாராட்டினார். அப்புறம் அதைத் திருப்பினார். ஒரு கண்ணின் படம். கீழே, கையெழுத்துக்காக ஒரு வெற்றுக் கோடு.

“யாருடையது?”

மேலாளர் அப்போதுதான் முன்பக்கத்தைப் படித்தார். “என் அப்பாவுடையது.”

“அவர் எங்கே?”

‘எங்கே’ என்ற கேள்விக்குப் பாடத்தில் வந்த பதில் ஒன்றே ஒன்று: ஹோட்டல், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதைத்தான் சொன்னார். கிழவர் சிரிக்கவில்லை. படிவத்தை மகன் கையில் வைத்து, சாலையைக் காட்டி, “வாமோஸ்” என்றார். போகலாம் வா என்று அர்த்தம்.

ஆஸ்பத்திரியில் மேலாளர் மூச்சிரைக்க ஓடினார். ஒரு கண்ணில் கட்டோடு அப்பா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். யாரோ வாங்கிக் கொடுத்த பிஸ்கட் பொட்டலம் மடியில் இருந்தது. நர்ஸ் குறுக்கே வந்தாள்.

“நீங்க யாரு?”

“மகன். கையெழுத்துப் போடணும்.”

“மகன் அப்பவே வேற படிவத்துல போட்டுட்டாரே. அதோ, ஏணி மேல நிக்கிறாரு பாருங்க.”

நடைவழியில் ட்யூப்லைட் மாற்றிக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியன் சங்கடமாகத் தலையைச் சொறிந்தார். “பெரியவர் வாசலையே பாத்துக்கிட்டு நின்னாருங்க. மனசு கேக்கல. தப்பா எடுத்துக்காதீங்க.”

அந்தப் பொய்யைக் கேட்டு ஆண்டவன் கோபித்திருக்க மாட்டான்.

அப்பா குரல் வந்த பக்கம் திரும்பினார். “வந்துட்டியா? பாடம் முடிஞ்சுதாப்பா?”

நான்கு விநாடி போயிற்று. இன்னொரு நான்கும் போயிற்று.

மகன் என்பதற்கு ஸ்பானியத்தில் ‘இஹோ’ என்று பெயர். இரண்டாம் பாடத்திலேயே வந்துவிடுகிறது. மேலாளருக்கு உச்சரிப்பு அப்பழுக்கில்லாமல் வரும்.