இருள் ஒழிப்புத் தீர்மானம்

நெருப்பைக் கண்டுபிடித்த ஆதிமனிதனுக்கு அடுத்தபடியாக மனிதகுலம் நன்றி சொல்ல வேண்டியது எனக்குத்தான். அவன் கண்டுபிடித்ததோடு நின்றுவிட்டான். அதைச் சிக்கனமாக எரிப்பது எப்படி என்று அஞ்சுகிராமம் வட்டாரத்துக்கு எடுத்துச் சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. ரசலையனாகிய நான் அதற்காகவே பணி ஓய்வு பெற்றேன்.

ஓய்வு பெற்றது ஓர் அரசு அலுவலகத்தின் கண்காணிப்பாளர் பதவியிலிருந்து. கோப்புகள் நகர்ந்துவிடாமல் கண்காணிப்பது என் பொறுப்பு. அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. பிறகு பசுஞ்சோலை நகரில் வீடு கட்டினேன். பசுஞ்சோலை நகர் என்பது நெல்வயலாகக் கிடந்து வீணாகி, முறைப்படி அனுமதி பெற்று மனைகளாக முன்னேறிய இடம். அதன் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு நான்தான் தலைவர். வேறு யாருமே அந்தப் பதவியைக் கேட்காததால் 'ஏகமனதாக'த் தேர்ந்தெடுக்கப்பட்டேன்.

என் வீட்டை ஒட்டிய, நகரின் பின்மதிலுக்கு அந்தப் பக்கம் மட்டும் இன்னும் முன்னேறாத வயல் ஒன்று இருந்தது. வள்ளிநாயகத்துக்கும் சென்னையில் வேலை பார்க்கும் அவர் தம்பி ஆனந்தகிருஷ்ணனுக்கும் பங்கு பிரியாத சொத்து. வள்ளிநாயகத்துக்கு அது வருஷச் சாப்பாடு. தம்பிக்கு அது 'ரோட்டோர இடம்'.

என் வாழ்வில் ஒளி ஏறியது நாகர்கோவிலில் நடந்த ஒரு கருத்தரங்கில். உச்சிப்பகலில், குளிரூட்டிய மண்டபத்தில், அத்தனை விளக்குகளையும் எரியவிட்டு மின்சிக்கனம் பற்றிப் பேசினார்கள். பழைய குண்டு பல்பு, வாங்கும் மின்சாரத்தில் பெரும்பகுதியைச் சூடாக்கி வீணடிக்கிறதாம். எல்.இ.டி. பல்போ அதில் சிறு பங்கை வாங்கிக்கொண்டு அதே வெளிச்சத்தைத் தருகிறதாம். கொஞ்சம் வாங்கிக்கொண்டு முழு வேலையையும் செய்யும் ஒன்றை என் அலுவலக வாழ்க்கையில் நான் கண்டதில்லை. கண் கலங்கிவிட்டது.

மறுநாளே வீட்டின் எல்லா பல்புகளையும் மாற்றினேன். அடுத்த மின்கட்டணம் நிஜமாகவே குறைந்தது. என் மனைவி நேசபாய் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நீங்க செய்ததுல உருப்படியான காரியம் இது ஒண்ணாக்கும்."

கல்யாணமான நாள் முதல் அவளிடம் நான் வாங்கிய முதல் நற்சான்று. அங்கேயே நின்றிருக்கலாம். ஆனால் சிந்திக்கும் மனிதன் நிற்க மாட்டான். நாலு பல்பு இவ்வளவு மிச்சம் பிடித்தால் நாற்பது பல்பு எவ்வளவு மிச்சம் பிடிக்கும்! கிணற்றடிக்கு ஒன்று, முருங்கை மரத்தடிக்கு ஒன்று, துணி காயும் கொடிக்கு இரண்டு. கோழிக்கூட்டில் மாட்டும்போது நேசபாய் வந்துவிட்டாள்.

"கோழிக்கு எதுக்கு லைட்டு? அது என்ன, பரீட்சைக்குப் படிக்கவா போவுது?"

"ஒம்பது வாட்டுதான், நேசம்."

"அதுக்கு உறக்கம் வரண்டாமா?"

"எல்.இ.டி.ல சூடே கெடையாது பாத்துக்க."

"நான் சூட்டையா கேட்டேன்? உறக்கத்தைல்லா கேட்டேன்!"

அறிவியல் மனப்பான்மை வீட்டிலிருந்து தொடங்குவது கடினம். எனவே அதைச் சங்கத்துக்குக் கொண்டுபோனேன். 'பசுஞ்சோலை நகர் எல்லைக்குள் இருள் இன்று முதல் ரத்து செய்யப்படுகிறது' என்ற வரலாற்றுச் சிறப்புமிக்க தீர்மானத்தை முன்மொழிந்தேன். வளைகுடாவிலிருந்து திரும்பி வந்திருந்த ஸ்டெனி வழிமொழிந்தான்.

"துபாய்ல ராத்திரின்னு ஒண்ணு கெடையவே கெடையாது சார். நாமதான் இன்னும் பழைய காலத்துல கெடக்கோம்."

பின்மதில் நெடுகப் பெரிய பெரிய எல்.இ.டி. விளக்குகளை வரிசையாக நட்டோம். முதலில் உள்பக்கம்தான் திருப்பினோம். உறுப்பினர்களின் கண் கூசியது. வெளிப்பக்கம் திருப்பினோம். வயலுக்குக் கண் கிடையாது.

மறுநாள் காலையில் வள்ளிநாயகம் மதிலோரம் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, லைட்டு நம்ம வயலுக்குல்லா அடிக்கி?"

"அடிக்கட்டும். உங்ககிட்ட பைசா ஒண்ணும் கேக்க மாட்டோம்."

"அதுக்கில்ல. நெல்லு நட்டிருக்கேன். கொஞ்சம் கீழப் பாக்க மாதிரித் திருப்பினா நல்லாருக்கும்."

"நெல்லுக்கு வெளிச்சம் நல்லதுதானவே! ஒளிச்சேர்க்கை படிச்சதில்லையா நீரு?"

"படிச்சவிய சொன்னா செரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பார்க்கப் போய்விட்டார். இந்த அடக்கம்தான் நாட்டுக்குத் தேவை என்று செயற்குழுவில் பாராட்டிப் பேசினேன். இதற்கிடையே சங்கத்தின் மின்கட்டணம் பழைய நாட்களைவிட மேலே போயிருந்தது. பொருளாளர் பதறினார். இது செலவல்ல, 'சேமிப்பின் விரிவாக்கம்' என்று நான் விளக்கியதும் அமைதியானார்.

மார்கழியில் சுற்றுவட்டாரத்து வயல்களெல்லாம் கதிர் விட்டு வெளுக்கத் தொடங்கின. மதிலை ஒட்டி, விசிறி விரித்ததுபோல ஒரு பகுதி மட்டும் கரும்பச்சையாக நின்றது. என்ன செழிப்பு! உடனே படம் எடுத்து, 'எல்.இ.டி. ஒளியில் பொங்கும் பசுமை' என்று வாட்ஸ்அப்பில் போட்டேன். இதயங்களாக வந்து குவிந்தன. அதைக் கண்டு மகிழ்ந்த ஒரு தொண்டு அமைப்பு எனக்கு 'மின்சிக்கனச் செம்மல்' விருது அறிவித்தது. விளக்குகளை நேரில் பார்வையிட ஒரு குழு வரும் என்றும் தெரிவித்தது.

குழு வருவதற்குள் வள்ளிநாயகம் வந்துவிட்டார். கையில் பிடுங்கிய நெற்பயிர். கூடவே வேளாண்மை அலுவலகத்திலிருந்து அஜிஷா என்ற இளம் அதிகாரி.

வள்ளிநாயகம் பயிரின் தண்டைப் பிளந்து காட்டினார். "பாருங்க அண்ணாச்சி. உள்ள ஒண்ணுமில்ல. கதிரே வரல்ல. வெறும் புல்லு."

அஜிஷா மதிலை அண்ணாந்து பார்த்தாள். "சார், இந்த லைட்டு ராத்திரி பூராவும் எரியுமா?"

"தடையில்லாம எரியும்மா" என்றேன் பெருமையாக.

"அதுதான் சார் காரியம். இவிய போட்டது நாட்டு நெல்லு. ராத்திரி நீண்டு வரதை வச்சுத்தான் அது கதிர் விடும். இந்த நெல்லு ராத்திரியையே காணல்ல. பகல்னு நெனச்சு வளந்துக்கிட்டே இருக்கு."

"ஆனா இது எல்.இ.டி.யாக்கும். கரண்டு ரொம்பக் கொறச்சல்."

"பயிருக்குக் கரண்டு பில்லு வராதே சார். அதுக்கு வெளிச்சம் வெளிச்சம்தான்."

அடுக்களையிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்த நேசபாய், அன்று விளக்கு வைக்கும் நேரத்தில் நேராகப் போய் மதில் விளக்குகளின் சுவிட்சை அணைத்துவிட்டு வந்தாள். நான் நேராகப் போய்ப் போட்டுவிட்டு வந்தேன்.

"மனுசனுக்க சோறுல்லா அது" என்றாள்.

"நெல்லு அடுத்த வருஷமும் வரும், நேசம். குழு வருமா?"

குழு வந்தது, பார்வையிட்டது, வியந்தது, போயிற்று. அறுப்புக்குச் சென்னையிலிருந்து ஆனந்தகிருஷ்ணனும் வந்தான். பழுத்துக் கிடந்த வயலைப் பார்க்கவில்லை. பச்சையாக நின்ற விசிறியைத்தான் பார்த்தான்.

"மண்ணு செத்துப்போச்சு, அண்ணே. இன்னைக்கு இந்த மூலை, நாளைக்கு முழுசும். விலை வரும்போதே குடுத்திருவோம்."

"மண்ணுல ஒரு கொறையும் இல்லடே. லைட்டுதான் காரணம்."

"லைட்டு வெளிச்சத்துல நெல்லு கெட்டுப்போச்சாக்கும்? யாரு சொன்னா? அந்தச் சின்னப் பிள்ளையா?"

வள்ளிநாயகம், மதிலோரம் நின்ற என் பக்கம் திரும்பினார்.

"அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க. நான் சொன்னா இவன் கேக்க மாட்டான். பெரிய ஆபீசுல இருந்தவிய சொன்னா கேப்பான். ஒரு வார்த்தை போரும்."

ஒரு தட்டில் வள்ளிநாயகத்தின் வயல். மறு தட்டில் எல்.இ.டி.யின் நற்பெயர், அதோடு சேர்த்து என்னுடையதும். விருது விழாவின் அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. உலகம் முழுவதும் வீடுகளுக்கு மின்சாரத்தை மிச்சப்படுத்தித் தரும் ஓர் அப்பாவி பல்பின் மீது பழி விழ நான் காரணமாகலாமா?

"மண்ணையும் பரிசோதிச்சுப் பாக்கதுல தப்பில்ல" என்றேன். ஆமாம் என்றும் இல்லை என்றும் ஆகாத, கண்காணிப்பாளர்களுக்கே கைவரும் வாக்கியம்.

"பாத்தியளா? சாரே சொல்லுகாரு" என்றான் தம்பி.

வள்ளிநாயகம் வயலில் இறங்கி, அந்தப் பச்சையை மாட்டுத் தீவனத்துக்கு அறுக்கத் தொடங்கினார். அன்று எங்கள் வீட்டில் நெத்திலிக் குழம்பு. நேசபாய் எனக்கு மட்டும் சோறு விளம்பவில்லை. நானே போட்டுச் சாப்பிட்டேன். உப்பு சரியாகத்தான் இருந்திருக்க வேண்டும், எனக்குத் தெரியவில்லை.

வயல் விலைபோயிற்று. செம்மண் அடித்துத் தூர்த்தார்கள். கல் நட்டார்கள். 'பசுஞ்சோலை நகர், இரண்டாம் கட்டம்' என்று பலகை வைத்தார்கள். தரை சமமாகவும் விசாலமாகவும் இருந்ததால் விருது விழாவை அங்கேயே வைத்துக்கொண்டோம். எனக்குப் பொன்னாடை போர்த்த அந்த மண்ணின் மைந்தர் ஒருவர் வேண்டும் என்று அமைப்பாளர்கள் விரும்பினார்கள். வள்ளிநாயகத்தைக் கூப்பிட்டோம். வரமாட்டார் என்று நினைத்தேன். வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

பொன்னாடையைச் சுருக்கமில்லாமல் போர்த்தினார். "நாலு வார்த்தை பேசுங்க" என்று மைக்கை அவர் கையில் திணித்தார்கள். என் கண் மைக்கின் சுவிட்சைத் தேடியது.

"எனக்குப் பேசத் தெரியாது" என்று தொடங்கினார். "அண்ணாச்சி கரண்டை மிச்சம் பிடிச்சாரு. எங்களுக்கு வயலை மிச்சம் வைக்கல்ல. அவ்வளவுதான்."

மிச்சம் என்ற சொல் வந்ததால் பாராட்டாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டிக்கொண்டு சபை பலமாகக் கைதட்டியது. சபையைச் சொல்லிக் குற்றமில்லை. முதலில் தட்டியது நான்தான்.