முத்துப்பேட்டைக்குப் போன கரும்பு

மன்னார்குடியில் வீடு விற்க நினைத்த அத்தனை பேரையும் ஒரே கேள்வியில் வியர்க்க வைத்த மனிதர் ஒருவர் எங்கள் ஆபீசில் இருந்தார். "தாய்ப்பத்திரம் எங்க?" என்பதுதான் அந்தக் கேள்வி. அதனால் அவர் பெயரே 'தாய்ப்பத்திரம்' ஆகிவிட்டது. சம்பளப் பட்டியலில் வேறு ஏதோ பெயர் இருந்தது. அது அவருக்கே மறந்திருக்கும்.

இந்தக் கிறுக்குக்குக் காரணம் உண்டு. ஒரு சித்திரை வெயிலில், எந்தக் காகிதத்தையும் பார்க்காமல் ஊருக்கு வெளியே சல்லிசாக ஒரு மனை வாங்கினார். நடுவில் லேசாகப் பள்ளம். மண் கொட்டினால் சரியாகிவிடும் என்றார்கள். வைகாசிக் கடைசியில் மேட்டூர் அணையைத் திறந்தார்கள். மனை வழியாகத் தண்ணீர் ஜம்மென்று ஓடியது. மனுஷர் வாங்கியது வாய்க்காலை! பக்கத்து வயல்காரர் வேறு வந்து, "மண்ணு கொட்டி மூடிப்புடாதீங்க சார், நாத்து காஞ்சுடும்" என்று கெஞ்சினார்.

அதற்குப் பிறகு அவர் யாரையும் நம்பியதில்லை. உறவுக்காரப் பையனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், "சொந்த வீடுதான்" என்று பெண்ணின் அப்பா சொன்னதும், கையிலிருந்த பஜ்ஜியை வைத்துவிட்டு டேப்போடு கொல்லைப்பக்கம் போய்விட்டார். திரும்பி வந்து, "பொண்ணு பிரமாதம். காம்பவுண்டு சுவருதான் ஒரு அடி பக்கத்து வூட்டுல நிக்குது" என்றார். கல்யாணம் நடந்தது. சுவரும் பிறகு நகர்ந்தது.

நாங்கள் வீடு வாங்கும்போது இவரிடம் மூச்சுவிடக் கூடாது என்பது என் மனைவியின் கட்டளை. "நல்ல காரியம் பண்றப்ப அந்த மனுஷன் எதுக்கு?" என்றாள். நானும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் முன்பணம் கொடுத்து, பதிவுக்கு நாளும் குறித்த பிறகு அவருக்கு மூக்கில் வேர்த்துவிட்டது.

விற்கிறவர்கள் அண்ணன் தம்பி. அப்பா காலமான பின் வாங்கிய வாரிசுச் சான்றில் அந்த இரண்டு பெயர்கள் மட்டும்தான். கம்ப்யூட்டரில் எடுத்த வில்லங்கச் சான்றும் சுத்தம். வக்கீலும் தலையாட்டிவிட்டார்.

"கம்ப்யூட்டர்ல உள்ளவங்களக் கம்ப்யூட்டர் காட்டும். இல்லாதவங்கள யாருய்யா காட்டுவா?" என்று கேட்டுவிட்டு, தாய்ப்பத்திரம் அந்த வீட்டுத் தெருவுக்கே போனார். பத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. முனையிலிருந்த இஸ்திரி வண்டிக்காரரிடம், "இந்த வூட்டுலேர்ந்து பொங்கல் சீரு எங்க போவும்?" என்று மட்டும் விசாரித்தார்.

"முத்துப்பேட்டைக்குங்க. சின்னவரு வருஷா வருஷம் கரும்பும் மஞ்சக்கொத்தும் பைக்குல கட்டிக்கிட்டுப் போவாரே, அக்கா வூட்டுக்கு. அவங்கப்பாவோட மூத்த தாரத்துப் பொண்ணு அது."

கூடப் போயிருந்த எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த அக்காவுக்கும் சொத்தில் பங்கு உண்டு. அவர் கையெழுத்து இல்லாமல் வாங்கியிருந்தால், என்றைக்கானாலும் வழக்கு என் வாசலுக்கு வந்திருக்கும். நாங்கள் வாழ்நாளில் வாங்கக்கூடிய ஒரே வீடு அது.

தாய்ப்பத்திரம் நேராக அண்ணன் தம்பி முன்னால் போய் நின்றார். "சான்றுல இல்லாத அக்காவுக்கு எதுக்குய்யா கரும்பு?"

அண்ணன் எகிறினார். தம்பி தலையைக் குனிந்துகொண்டார். "பேரு வேணாம்னு அண்ணன்தாங்க சொன்னுச்சு. சீர நிறுத்த எனக்கு மனசு வரல."

அதன்பின் அண்ணனும் அக்கா பெயரைச் சேர்க்கச் சம்மதித்தார். சான்றைத் திருத்தி வாங்கச் சில மாதங்கள் பிடித்தன. பதிவன்று அந்த அக்கா தம்பியின் பைக்கில் வந்து இறங்கினார். அவர் பங்கு குறையில்லாமல் கைக்கு வந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு, "எங்கப்பாவுக்கு நானும் ஒரு புள்ளன்னு இப்ப எழுத்துல வந்துடுச்சு" என்று வாய்விட்டுச் சிரித்தார். தாய்ப்பத்திரமோ தேர்தலில் ஜெயித்தவர் மாதிரி, சம்பந்தமே இல்லாமல் வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் கும்பிடு போட்டுக்கொண்டே வெளியே வந்தார்.

இப்போது யாராவது எங்களிடம், "நல்ல வீடா அமைஞ்சிருக்கே, யாரு பாத்துக் குடுத்தா?" என்று கேட்டால், என் மனைவி முந்திக்கொண்டு, "எங்க அண்ணன்" என்கிறாள். அவள் வீட்டுக்கு ஒரே பிள்ளை. ஆனாலும் நான் ஒருநாளும் மறுத்துச் சொன்னதில்லை.