ஆடுற போனும் மீசைக்கார ஐகானும்

ஏப்பா, கால நீட்டி உக்காந்து கதை கேக்க வந்துட்டீகளே, மொதல்ல ஒண்ணு சொல்லுங்க. உங்கள்ல எத்தனை பேரு பாஸ்வேர்டு பொண்டாட்டிக்குத் தெரியாது? கையத் தூக்குங்க பாப்போம். ஒரு கை கூட எந்திரிக்கல. முத்துப்பாண்டி அண்ணே, நீங்க கொசுவத்தான அடிச்சீக? சரி. அப்ப இது உங்க கதைதான். பேரு மட்டும் அழகுபாண்டி.

கோச்சடையில அவன் வீட்டு வாசல்ல ‘முனீஸ்வரி சீர்த்தட்டு வாடகைக்கு’ன்னு போர்டு தொங்கும். முனீஸ்வரி அவன் சம்சாரம். ஜாக்கெட்டுத் துணிய மடிச்சுத் தட்டுல மயிலு செய்வா, தாமரை செய்வா. காதுகுத்து, வளைகாப்பு, சடங்கு, எதுன்னாலும் அவ தட்டுதான். அத வண்டில கட்டிக் கொண்டுபோய் எறக்குறது அழகுபாண்டி வேல.

எறக்குனதும் வந்துற முடியுமா? சீரு தெருவுல ஊர்கோலம் போகணும்ல. தட்டு இருபத்தொண்ணு இருக்கும், தூக்க ஒம்போது பேருதான் நிப்பாக. மத்த சொந்தமெல்லாம் பந்தில எடம் புடிக்கப் போயிருக்கும். “தம்பி, நீங்க ஒரு தட்டப் புடிங்க”ம்பாக. இவனும் புடிப்பான். இப்படியே முந்நூறு வீட்டு விசேஷ வீடியோவுல அவன் வாரான். மாப்பிள்ளை வீட்டுக்காரன் இவனப் பொண்ணு வீட்டாளும்பான், பொண்ணு வீட்டுக்காரன் மாப்பிள்ளை வீட்டாளும்பான். சாப்பிட மட்டும் ரெண்டு பேருமே கூப்பிட மாட்டாக.

ஒரு நாளு சபதம் போட்டான்.

“முனீசு, இனிமே தட்டத் தொட மாட்டேன். வெப்சைட்டு போடப் போறேன். நான் ஆபீசு, நீ பேக்டரி. டெலிவரிக்கு ஆட்டோ வச்சுக்க.”

“ஆட்டோக்காரன் தட்டத் தூக்குவானாங்க?”

“அடியே, கம்பெனி ஓனரு தட்டத் தூக்கிப் பாத்திருக்கியா?”

“கம்பெனி ஓனரு நாந்தான். வெளிய போயி போர்டப் பாருங்க.”

விடல. பதினஞ்சு நாளு வீடியோ பாத்துப் பாத்துப் படிச்சான். வெப்சைட்டு அடியில வரிசையா ஐகானு. தட்டத் தொட்டாச் சுத்தும். மயிலத் தொட்டாத் தோகைய விரிக்கும். போன் ஐகானத் தொடவே வேணாம், பக்கத்தத் தெறந்ததுமே கிடுகிடுன்னு ஆடும். ஒரு மணி நேரம் அவனே பாத்துச் சிரிச்சுக்கிட்டு இருந்தான்.

“அழகாத்தான் இருக்கு. கீழ பேரு எதுவும் இல்லையே?”

“பேரெல்லாம் பழைய ஸ்டைலு. ஐகானே பேசும்.”

“ஐகானு பேசட்டும்ங்க. கஸ்டமரு எப்படிப் பேசுவாக? நம்பரக் கொட்ட எழுத்துல போட்ருங்க.”

“டிசைன் கெட்டுப்போகும்டி.”

போடல. புதுசா அடிச்ச கார்டுலயும் நம்பர எடுத்துட்டு வெப்சைட்டு பேர மட்டும் போட்டான்.

அந்தக் கார்டுல ஒண்ணு அலங்காநல்லூரு ஒச்சாயி அக்காவுக்குப் போச்சு. அவுக மக பிள்ளைக்குக் காதுகுத்து. தாய்மாமன் சீரு அம்பத்தொரு தட்டு. “நாளக் குறிச்சுட்டுப் போனு போடுறேன் தாயி”ன்னு சொல்லிட்டுப் போனாக. முனீஸ்வரிக்கு அம்பதத் தாண்டி ஆர்டரு வர்றது அதான் மொதத் தடவ. கண்ணு செவக்க உக்காந்து அம்பத்தொண்ணையும் செஞ்சு வச்சா. போனு வரல.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுல அக்காவே எதுக்க வந்தாக. அழகுபாண்டி பின்னாடி பூப்பையத் தூக்கிட்டு நிக்கிறான்.

“ஏந்தாயி, ஒங்க போனு அம்புட்டு ஆட்டம் ஆடுது, எடுக்க மாட்டேங்கிறீக?”

“எப்பக்கா கூப்பிட்டீக?”

“அந்தப் பக்கத்தத் தெறந்தாலே போனு ஆடுது. அடிக்குதேன்னு காதுல வச்சேன். அலோ அலோன்னேன். எம்புட்டு நேரம் வச்சிருக்கிறது? நாலு நாளு பாத்துட்டு வேற எடத்துல சொல்லிட்டேன்.”

ஆடுற போனு அடிக்கிற போனுன்னுதான நமக்கெல்லாம் பழக்கம்? தொட்டாத்தான் அழகுபாண்டிக்குக் கால் போகும்னு தெரியாம அத யாரும் தொடல. எல்லாரும் காதுல வச்சுக் காத்துக் கெடந்திருக்காக.

முனீஸ்வரி திட்டல. வீட்டுக்கு வந்து அம்பத்தொரு தட்டையும் ஒவ்வொண்ணாப் பிரிச்சா. மயில மட்டும் பிரிக்காம ஓரமா வச்சா. அவன் வாசப்படியிலயே உக்காந்திருந்தான். கோவம் வந்தா உப்ப அள்ளிப் போடுறவ, அன்னைக்கு ரசத்துல உப்பு சரியா இருந்துச்சு. அதுதான் அவனுக்கு ரொம்பப் பயமாப் போச்சு.

“முனீசு, நம்பரப் போட்ருறேன்.”

“வேணாங்க. நீங்க செரமப்படாதீக. நான் பாத்துக்கிறேன்.”

மூணா நாளு காலைல அவன் செல்லு அடிச்சுச்சு.

“அண்ணே, கீழக்குயில்குடிலருந்து சூரியபிரகாஷ் பேசுறேன். ஞாயித்துக்கெழம தங்கச்சிக்கு வளைகாப்பு. படத்துல இருக்க மாதிரி மீசையோடதான வருவீக?”

“எந்தப் படம்?”

தெறந்து பாத்தான். போனு ஆடாம அசையாம நிக்குது, கீழ கொட்டையா நம்பரு. பக்கத்துல புதுசா ஒரு ஐகானு. அவனுக்கிருக்க மாதிரியே கொடுவா மீச, தலையில தட்டு. தொட்டா மீச துடிக்க ஒரு கும்பிடு போட்டுட்டு நடந்து போகுது. ‘தட்டு தூக்க ஆள் இலவசம்’. கீழ அவன் செல் நம்பரு.

“என்னடி இது?”

“ஐகானுங்க. ஒங்களுக்குப் புடிக்குமே.”

“பாஸ்வேர்டு ஒனக்கு எப்படித் தெரியும்?”

“எம்பேரத்தான போட்டிருப்பீக. வேற எதப் போடத் தெரியும் ஒங்களுக்கு?”

கோவம் வரணும். வரல. அவ பேருதான் போட்டிருந்தான்.

“சரி, இதச் செஞ்சு குடுத்தது எவன்?”

“ஐகானே பேசும்னீகளே. அதக் கேளுங்க.”

இப்ப மாசத்துக்குப் பத்து விசேஷம். எல்லா வரிசையிலயும் மொதத் தட்டு அவன் கையிலதான். ஒச்சாயி அக்கா மட்டும் திரும்பி வரவே இல்ல. அந்த மயிலும் ஓரத்துலயேதான் கெடக்கு. “நம்பரப் போட்டிருக்கலாம் மாப்ள”ன்னு வாரத்துக்கு ஒரு தடவையாவது எங்கிட்டச் சொல்லிருவான்.

நேத்துக்கூட டீக்கடையில எந்தோள்ல கையப் போட்டுக் கேட்டான். “நீயும் ரெண்டு வருசம் கம்ப்யூட்டரு படிச்சு நின்னவந்தான? விசாரிச்சுச் சொல்லு மாப்ள, அந்த மீசைக்காரனச் செஞ்சவன் எவன்னு.” டீயும் அவனே வாங்கிக் குடுத்தான்.

நாந்தான் செஞ்சேன். முனீஸ்வரி அக்கா கறிச்சோறு போட்டாக, தின்னுட்டு செஞ்சு குடுத்துட்டேன்.