பார்க்க ஆள் வராத பிரிவு

இந்த ஊரில் நல்வாழ்வு ஆராய்ச்சியாளர்கள் ஆயிரம் பேரை எனக்கு நேரில் தெரியும். சரி, அது கொஞ்சம் கூடுதல், ஒன்பது பேர். மனிதன் ஏன் வாடுகிறான் என்று அறிய இலக்கியம், மருத்துவம், சமூகவியல் மூன்றையும் ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவந்து, அந்தக் கூரைக்குள் மனிதன் யாரும் நுழைந்துவிடாதபடி பார்த்துக்கொள்ளும் இனம் இது. கண்ணீரைக் கண்டால் கைக்குட்டை நீட்டாது. ஒன்று முதல் பத்துக்குள் எவ்வளவு என்று கேட்கும்.

எங்கள் குடியிருப்பின் நான்காம் மாடி ஹெட்விக்கை எடுத்துக்கொள்ளுங்கள். முதியோர் தனிமை பற்றிப் பதினாறு கட்டுரைகள் எழுதியவர். கதவுத் துளை வழியே பார்த்து, படிக்கட்டில் ஆளில்லை என்று உறுதியான பிறகே வெளியே வருவார். அடித்தளத்தில் எல்லாருக்கும் பொதுவான துவைக்கும் அறையில் யாராவது இயந்திரத்தில் துணிப்பஞ்சை விட்டுப்போனால் வாயைத் திறக்கமாட்டார். சுவரில் சீட்டு ஒட்டுவார். மேடையில் மட்டும், "மனித உறவே மருந்து" என்னும்போது குரல் தழுதழுக்கும்.

அவருடைய பெரிய ஆய்வில் தரைத்தளத்து ஸ்டூரேயும் சேர்ந்தார். எண்பத்து நான்கு வயது. படகு இயந்திரங்களைப் பழுதுபார்த்து ஓய்ந்தவர். மனைவி போன பிறகும் மேசையில் இரண்டு கோப்பை வைக்கிறவர். ஆய்வில் பாதிப் பேரைப் பார்க்க வாரந்தோறும் ஒருவர் வருவார். மறுபாதிப் பேருக்குப் படிவம் மட்டும் வரும். குலுக்கலில் ஸ்டூரேக்கு விழுந்தது படிவம்.

ஒரு வியாழக்கிழமை ஏலக்காய் பன் சுட்டு, மேலே போய் ஹெட்விக்கின் கதவைத் தட்டினார்.

"சூடா இருக்கு. கீழ வந்து ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போயேன்மா."

ஹெட்விக்குக்கு ஆசைதான். வாசனை மூக்கைத் துளைத்தது. ஆனால் ஆய்விலிருந்த முந்நூறு பேரின் முடிவுகள் கண்முன்னே சரிந்தன.

"நீங்க பார்க்க ஆள் வராத பிரிவுல இருக்கீங்க, ஸ்டூரே. நான் வந்தா ஆய்வே கெட்டுடும். ரெண்டு வருஷம் பொறுத்துக்குங்க."

"அதுவரைக்கும் நான் இருக்கணுமே."

ஹெட்விக் அதையும் குறித்துக்கொண்டார்: பாதியில் விலக வாய்ப்புள்ளவர்.

ஸ்டூரே என்ன செய்தார்? காபிக் குடுவையையும் கோப்பைகளையும் துவைக்கும் அறைக்குக் கொண்டுபோய், ஹெட்விக்கின் சீட்டுகளுக்குக் கீழேயே மேசை போட்டார். இயந்திரம் சுற்றும் ஐம்பது நிமிடம் யார்தான் எங்கே ஓடமுடியும்? பஞ்சுக்காக மூன்று வருடம் பேசாதிருந்தவர்கள் ஒரே பன்னைப் பிட்டுத் தின்றார்கள். ஹெட்விக் மட்டும், ஆய்வு கெடக்கூடாதே என்று, காதில் ஹெட்போனும் தரையில் கண்ணுமாகத் துணியை அள்ளிக்கொண்டு ஓடுவார்.

இரண்டு வருடத்தில் ஸ்டூரேயின் தனிமை ஒன்பதிலிருந்து இரண்டுக்கு இறங்கியது. ஹெட்விக் திகைத்தார், யோசித்தார், கண்டுபிடித்தார்: படிவம் நிரப்பினாலே தனிமை போய்விடுகிறது. இனி முதியவர்களைப் பார்க்க ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டு, எல்லாருக்கும் படிவமே அனுப்ப நகராட்சி தயாராகிறது.

சிரிக்கிறீர்கள். ஒருவர் துயரத்தைச் சொன்னதும் உங்கள் கை எங்கே போகிறது, கோப்பைக்கா, பேனாவுக்கா? கொஞ்சம் கவனியுங்கள். என்னைப் பற்றிக் கவலையில்லை. துவைக்கும் அறையில் மேசை போடும் யோசனையே என்னுடையது. ஒரு வியாழன்கூடத் தவறியதில்லை.

துவைக்கும் அறை மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஸ்டூரே, நான் எழுதும் இதை எட்டிப் படித்தார்.

"யோசனை என்னுது. நீ வந்தது மொத்தமே அஞ்சு வாட்டி. அஞ்சு வாட்டியும் எழுதிக்கிட்டேதான் இருந்தே. காபியைப் பாரு, ஆடை கட்டிப்போச்சு."