பட்டா இல்லாத மிட்டாதார்

நிலம் உள்ளவர்கள், நிலம் இல்லாதவர்கள் என்று மனிதர்களில் இரண்டே வகைதான் என்று நீங்கள் நினைத்திருந்தால், மூன்றாவது வகையை இன்னும் சந்திக்கவில்லை என்று அர்த்தம். அல்லது சந்தித்தும் அடையாளம் தெரியாமல் கைகுலுக்கிவிட்டுப் போயிருக்கிறீர்கள். இவர்கள் ‘நம்ம இட’க்காரர்கள். இவர்களிடம் பத்திரம் இருக்காது. பட்டா இருக்காது. வரி கட்டிய ரசீது நிச்சயமாக இருக்காது. ஆனால் கையை நீட்டி, “அந்த ஓக் மரத்துலேர்ந்து ஓடை வரைக்கும் நம்ம இடம்தான்” என்று இவர்கள் சொல்லும்போது, உண்மையான சொந்தக்காரரே பக்கத்தில் நின்றால்கூட, எதற்கும் ஒருமுறை வீட்டுக்குப் போய்ப் பீரோவைத் திறந்து பார்த்துவிட்டு வரலாமா என்று யோசிப்பார்.

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், மேடும் பள்ளமுமாக மடிந்து கிடக்கும் பால்பண்ணைப் பிரதேசத்தில், ஸ்பிரிங் ஃபோர்க் என்ற ஊரில் இந்த இனத்தின் பழுதில்லாத மாதிரி ஒன்று வாழ்ந்துவருகிறது. பெயர் டுவேன் ஹோகன்சன். வயது அறுபத்தொன்று. பண்ணை வீடுகளின் கணப்புத் தொட்டிகளுக்கு லாரியில் கேஸ் கொண்டுபோய் நிரப்புவது தொழில். பதினொரு மாதம் லூத்தரன் சபைக்காரர். நவம்பரில் மட்டும் மான் வேட்டைக்காரர்.

அவருடைய ‘நம்ம இடம்’ லவோன் பெர்கி என்ற அம்மாளுக்குச் சொந்தமானது.

இந்த உரிமை வந்த கதை சின்னது. முப்பத்தோரு வருடங்களுக்கு முன்னால், லவோனின் கணவர் ஹார்லன் மாட்டுக் கொட்டகையில் பால் கறந்துகொண்டிருந்தபோது, இளைஞனாக இருந்த டுவேன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மேட்டில் வேட்டையாடலாமா என்று கேட்டார். ஹார்லன் மாட்டின் அடியிலிருந்து தலையைத் தூக்காமலே, “போ. கேட்டை மூடிட்டுப் போ” என்றார். சட்டம் படித்தவர்கள் இதை அனுமதி என்பார்கள். டுவேன் இதை உயிலாக எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் கேட்டதில்லை. எதற்குக் கேட்க வேண்டும்? கேட்டால் பதில் வந்துவிடும்.

வருடா வருடம் வேட்டை முடிந்ததும் இரண்டு மான்கறி சாஸேஜைச் செய்தித்தாளில் சுற்றி லவோன் வீட்டு வாசலில் வைத்துவிட்டு, மணியடிக்காமல் வந்துவிடுவார். மேட்டின் உச்சிக்கு ‘டுவேன் முகடு’ என்று அவரே பெயர் வைத்தார். ஓடைத் திருப்பத்துக்கு ‘எட்டுக் கொம்பு மூலை’. ஊரில் எல்லோருக்கும் அந்தப் பெயர்கள் தெரியும், லவோனைத் தவிர. ஹார்லன் இறந்த வருடம் சவ அடக்கத்துக்குப் போய், ஹாம் சாண்ட்விச் மூன்று சாப்பிட்டு, “அவருக்கும் எனக்கும் ஒரு புரிதல் இருந்துச்சு” என்று நாலு பேரிடம் சொல்லிவிட்டு வந்தார். அந்த நவம்பரில் வழக்கம்போல், மானுக்குக் காத்திருக்க மேட்டில் தான் கட்டிய பரணில் ஏறினார்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. அந்த இடத்துக்கு அனுமதி கொடுக்கவும் மறுக்கவும் ஆரம்பித்ததுதான் அவருடைய மேதைமை. பாதிரியாரின் மருமகன் நேதன் ஒருமுறை மதுக்கடையில் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“டுவேன் அண்ணே, இந்த வருஷம் பெர்கி மேட்டுப் பக்கம் நானும் ஒரு நாள் வரட்டுமா?”

டுவேன் பொரித்த சீஸ் துண்டு ஒன்றை வாயில் போட்டு மென்று விழுங்கிவிட்டு, ஜமீன் கணக்காகக் கொஞ்ச நேரம் யோசித்தார்.

“இந்த வருஷம் வேணாம் தம்பி. மான் கொஞ்சம் கொறச்சலா இருக்கு. அடுத்த வருஷம் பாக்கலாம்.”

இப்படி அவர் மறுத்தவர்கள் ஏழு பேர். லவோனிடம் கேட்டிருந்தால் ஏழு பேரையும் வரச் சொல்லியிருப்பார். யார் கேட்டார்கள்?

அவர் அனுமதித்தது ஒரே ஒருவரை. மனைவி மார்லிஸின் தம்பி ப்ரெண்ட். மில்வாக்கியில் பள்ளிக்கூடத் துணைத் தலைமையாசிரியர். சாது. பதினான்கு வருடங்களாக வேட்டை தொடங்கும் சனிக்கிழமைக்கு முந்தின நாள் அக்கா வீட்டுக்கு வந்துவிடுவான். டுவேன் அவனுக்கு ஒதுக்கியது ரோட்டோரப் பரண். வடக்குக் காற்று நேராக முகத்தில் அடிக்கும். மான் எதுவும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது. லவோன் வீட்டுச் சமையலறை ஜன்னல் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். முகட்டில் தான் உட்கார்ந்துகொண்டு, “விருந்தாளின்னா நல்லபடியா கவனிக்கணும் மச்சான்” என்பார். ப்ரெண்ட் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

போன வருடம் அக்டோபரில், பரணின் பலகைகளைச் சரிபார்க்க ஏணியோடு போன டுவேன், கேட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தினார். கேட்டில் புதுச் சங்கிலி. சங்கிலியில் புதுப் பூட்டு. பக்கத்துக் கம்பத்தில் ஒரு மஞ்சள் பலகை: ‘வேட்டைக் குத்தகை நிலம். அனுமதியின்றி நுழையக் கூடாது.’

ஏணியைத் தோளிலிருந்து இறக்காமலே பலகையை மூன்று தடவை படித்தார். வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. அறுத்த சோளக்காட்டில் காட்டு வான்கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. அந்த வருடம் மரங்கள் முன்னைவிட அழகாகச் சிவந்திருந்தன, வேண்டுமென்றே செய்வதுபோல. பிறகு ஏணியை வண்டியில் போட்டுவிட்டு, உள்ளே ஏறி, வெகுநேரம் சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தார். அந்த மேட்டில் எந்தக் காற்றுக்கு எந்த மான் எந்த வழியாக வரும் என்று அவருக்குத் தெரியும். தன் வீட்டு மாடியில் எத்தனை ஜன்னல் என்று கேட்டால் எண்ணிப் பார்த்துத்தான் சொல்வார். கேலி செய்கிறேன், ஆனால் அன்றைக்கு அவருக்கு வந்தது நிஜமான துக்கம்.

துக்கம் வந்தால் மனிதன் என்ன செய்வான்? பணத்தோடு வந்து நிலம் பிடிக்கும் சிகாகோக்காரர்களைத் திட்டுவான். குறைந்தபட்சம் விஸ்கான்சினில் அதுதான் வழக்கம். ஐந்து நாட்கள் டுவேன் மதுக்கடையில் பேசினார். கைகுலுக்கினால் போதும் என்றிருந்த காலம் போய்விட்டது என்றார், பணம் இருந்தால் மானைக்கூட வாடகைக்கு எடுக்கிறார்கள் என்றார், உள்ளூர்க்காரன் தன் சொந்த ஊரில் வேலிக்கு வெளியே நிற்கிறான் என்றார், இதில் பாதி நியாயமாகவும் இருந்ததால் கேட்டவர்கள் தலையாட்டினார்கள். எந்த இடத்தைப் பற்றிப் பேசுகிறார் என்று மட்டும் அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அந்த ஏழு பேரும் வரிசையாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தாம் நாள் நேதன் அவருக்கு ஒரு பீர் வாங்கிக் கொடுத்தான். அதைவிட அவன் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இதற்கிடையில் ப்ரெண்டிடமிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. டுவேன் எடுக்கவில்லை. விருந்துக்குக் கூப்பிட்டவன், வீடே இல்லை என்று எந்த வாயால் சொல்வான்?

“போய் லவோன்கிட்டயே கேளுங்களேன்” என்றாள் மார்லிஸ்.

“கேக்கறதா? முப்பத்தோரு வருஷத்து உறவுடி அது.”

“முப்பத்தோரு வருஷத்துல எத்தன தடவ அந்த வீட்டுக்குள்ள போயிருக்கீங்க?”

டுவேன் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

கடைசியில் கேஸ்தான் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. நவம்பர் முதல் வாரம் லவோனின் தொட்டி நிரப்பும் முறை வந்தது. ஹோஸைத் தொட்டியில் மாட்டிவிட்டு நின்றவரிடம் லவோன் ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டே வெளியே வந்தார். எழுபத்திரண்டு வயது, குள்ளம், குரல் மட்டும் தூரத்து மாட்டைக் கூப்பிடும் குரல்.

“அக்கா, மேட்டைக் குத்தகைக்கு விட்டுட்டீங்களாமே.”

“விட்டுட்டேன்பா. செப்டம்பர்லயே.”

“எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்.”

“கேட்டேனே. ஏப்ரல்ல இதே எடத்துல நீ நின்னுட்டிருந்த. களஞ்சியக் கூரை ஒழுகுது, வரி ஏறிப்போச்சு, வேட்டைக்குக் குத்தகை கேட்டு ஆளுங்க வராங்க, என்ன பண்ணலாம் டுவேன்னு கேட்டேன். நீ என்ன சொன்னன்னு ஞாபகம் இருக்கா?”

டுவேனுக்கு ஞாபகம் வந்தது. அது வராமலே இருந்திருக்கலாம்.

“‘நம்ம எடத்த வெளியாளுக்கு விடாதீங்கக்கா’ன்ன. சொல்லிட்டு ஹோஸைச் சுருட்டிக்கிட்டுப் போயிட்ட. வரிச் சீட்டு எம்பேருக்குத்தான்பா வருது. அதுல நம்மன்னு எங்கயும் போட்டிருக்கல.”

கோபமில்லாமல்தான் சொன்னார். அதனால்தான் நன்றாகப் பட்டது.

“சிகாகோக்காரனுக்கா குடுத்தீங்க?”

“அங்கேர்ந்தும் ஒருத்தர் வந்தாரு. நல்ல மரியாதையாத்தான் பேசினாரு. இருந்தாலும் தெரிஞ்ச பையனுக்கே குடுக்கலாமேன்னு நான்தான் அவர அனுப்பிட்டேன்.”

“எந்தப் பையன்?”

லவோன் அவரை வினோதமாகப் பார்த்தார். “உனக்குத் தெரியாதா? உன் மச்சான் ப்ரெண்ட்தான். அவனும் அவன் கூட்டாளிங்க ரெண்டு பேரும்.”

தொட்டி நிரம்பி வழியப்போகிறது என்று மீட்டர் சத்தம் போட்டது. டுவேன் அதை நிறுத்தவே கொஞ்சம் நேரமானது.

நடந்தது இவ்வளவுதான். காற்றடிக்கும் பரணில் பத்து மணி வரைக்கும் உட்கார்ந்தால் எவனுக்கும் விரல் விறைத்துப்போகும். ப்ரெண்ட் இறங்கி, எதிரே தெரிந்த சமையலறைக் கதவைத் தட்டி, கொஞ்சம் உள்ளே நிற்கலாமா என்று கேட்டான். லவோன் காபி கொடுத்தார். பதினான்கு வருடம், வருடத்துக்கு ஒன்பது நாள், காலை பத்து மணிக் காபி. ஹார்லன் போனபின் பனி அதிகமாகப் பெய்தால் மில்வாக்கியிலிருந்து போன் செய்து விசாரிப்பான். கண் அறுவை சிகிச்சைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிவந்தான். உடைந்த வேலியைக் கோடை விடுமுறையில் வந்து கட்டிக்கொடுத்தான். முகட்டிலிருந்து பார்த்தால் மான் தெரியும், சமையலறை தெரியாது.

வேட்டைக்கு முந்தின வெள்ளிக்கிழமை மாலை ப்ரெண்ட் வந்தான். டுவேன் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை.

“அத்தான், எத்தன தடவ கூப்பிட்டேன், நீங்க எடுக்கவே இல்ல.”

“வேல இருந்துச்சு.”

“குத்தகைக்கு நல்ல ஆளு கெடைக்கலன்னா லவோன் அம்மா அத விக்கறதாவே இருந்தாங்க அத்தான். வித்தா வேலியப் போட்டு மொத்தமா அடைச்சிருவாங்க. அதான் நாங்க மூணு பேரும் சேந்து எடுத்தோம். உங்க பேரையும் தாள்ல போட்டிருக்கேன்.”

“என்னன்னு போட்டிருக்க?”

ப்ரெண்ட் அக்காவைப் பார்த்தான். மார்லிஸ் அடுப்பைப் பார்த்தாள்.

“விருந்தாளின்னு.”

மார்லிஸ் அவசரமாகச் சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்து வைத்தாள். ப்ரெண்ட் மீதியையும் சொல்லி முடித்துவிட வேண்டும் என்பதுபோல் குரலைத் தாழ்த்தினான்.

“விருந்தாளி வேற ஆளக் கூட்டிட்டு வரக் கூடாதாம், மத்தவங்க போட்ட விதி. பரணுக்குச் சீட்டுப் போட்டோம், மூணு போயிருச்சு. ரோட்டோரப் பரண்தான் மிச்சம். கொஞ்சம் காத்தடிக்கும்.”

“எனக்குத் தெரியும்டா” என்றார் டுவேன். “நான்தான் அத அங்க கட்டினேன்.”

வரமாட்டேன் என்று சொல்ல நிறையச் சொற்கள் அவரிடம் தயாராக இருந்தன. ஆனால் சனிக்கிழமை விடியும்போது, வேட்டைக்காரர்கள் கட்டாயம் போட வேண்டிய ஆரஞ்சு கோட்டை மாட்டிக்கொண்டு ரோட்டோரப் பரணில்தான் உட்கார்ந்திருந்தார். வேறெங்கே போவார்? அரசாங்கக் காட்டில் அன்றைக்கு மானைவிட ஆரஞ்சு கோட்டுகள் அதிகம். காற்று அவர் கட்டியபோது கணக்குப் போட்ட அதே திசையிலிருந்து வந்தது. ரோட்டில் போன வண்டிகள் ஒவ்வொன்றும் வேகத்தைக் குறைத்து, யார் என்று பார்த்து, கையாட்டிவிட்டுப் போயின. நேதன் ஹாரனும் அடித்தான். இருந்த ஒன்றிரண்டு மானும் அதோடு போயிற்று.

பத்து மணிக்கு ப்ரெண்ட் மேட்டிலிருந்து இறங்கிச் சமையலறைப் பக்கம் நடப்பது தெரிந்தது. டுவேன் அரைமணி நேரம் தாக்குப்பிடித்தார். பிறகு இறங்கினார். கதவருகே வந்து, துப்பாக்கியைக் காலி செய்து சுவரோரம் சாய்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றினார். காது இரண்டும் பீட்ரூட் நிறத்தில் இருந்தன.

“அக்கா, நான் உள்ள வரலாமா?”

“காபி ஆறிப்போச்சு, சூடு பண்றேன்” என்றார் லவோன். “பூட்ஸைத் தொடைச்சிட்டு வா.”

உள்ளே மஞ்சள் வர்ணம் அடித்திருந்தது. ஃப்ரிட்ஜ் மேல் ஹார்லனின் படம் இருந்தது. மேஜையில் தட்டு நிறைய பிஸ்கட். முப்பத்தோரு வருடத்தில் முதல்முறையாக அந்த நாற்காலியில் உட்கார்ந்த டுவேன், இரண்டாவது கோப்பை முடிந்ததும், களஞ்சியக் கூரை எந்தப் பக்கம் ஒழுகுகிறது என்று விசாரித்தார். அடுத்த மே மாதம் ப்ரெண்டும் அவரும் ஏறி அதை மாற்றிக் கொடுத்தார்கள். அந்த நவம்பரில் அவர் மான் எதுவும் சுடவில்லை. ஆனால் சாஸேஜை ப்ரெண்டிடமிருந்து வாங்கி, இந்தத் தடவை மணியடித்துக் கொடுத்தார்.

ஆள் திருந்திவிட்டார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இந்த இனம் அவ்வளவு சுலபமாக அழியாது. அந்தக் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரமே மதுக்கடையில் அவர் குரல் கேட்டது: “நம்ம குத்தகையில மூணு பேருக்கு மேல எடுக்கறதில்ல தம்பி.” கொஞ்சம் நிறுத்தி, நேதனின் முகத்தைப் பார்த்துவிட்டு, “இருந்தாலும் கேட்டுச் சொல்றேன்” என்றார். கேட்டுச் சொல்கிறேன் என்றது ஒரு முன்னேற்றம். கேட்டாரா என்பது வேறு விஷயம்.

சிரித்தது போதும். உங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்து, ரசம் கொதிக்கும்போது கறிவேப்பிலை இல்லை என்று தெரிந்ததும், பக்கத்து வீட்டுக் காம்பவுண்டு சுவருக்கு மேலே கையை நீட்டி, “பறிச்சுக்கோங்க, நம்ம வீடுதான்” என்று சொல்வீர்களே, அந்த வீட்டுக்காரம்மாளின் பெயர் என்ன?