ஏழும் ஒன்றும் பூஜ்யம்

தாம்பரம் சுற்றுவட்டாரத்திலேயே ஓர் இரும்புப் பெட்டியை 'அவங்க' என்று மரியாதையோடு கூப்பிட்ட ஒரே மனிதர் பல்பு சார்தான். ஸ்விட்சை அணைத்திருந்தால், "அவங்க ரெஸ்ட்ல இருக்காங்க" என்பார்.

சேலையூரில் அவர் மாடி வீடு, நான் கீழ் வீடு. ரிட்டயர் ஆன சர்வீஸ் இன்ஜினியர். இளவயதில் ஊர் ஊராகப் போய்ப் பழுதுபார்த்த மினி கம்ப்யூட்டர் ரகத்தில் ஒன்றைப் படப்பைப் பக்கம் பழைய இரும்புக் கடையில் பார்த்துவிட்டார். மறுநாளே குட்டியானையில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். பேர்தான் மினி. உயரம் பீரோ உயரம்.

வண்டிக்காரர் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இன்னா சார் இது, ஃபிரிட்ஜா?"

"கம்ப்யூட்டர்ப்பா."

"ஸ்கிரீன் எங்க கீது?"

"கிடையாது. பல்புதான். எரிஞ்சா ஒண்ணு, எரியலைன்னா பூஜ்யம்."

"இத்த தூக்கினு மாடி ஏறணுமா? பேஜாரு சார்!"

அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பேர்தான் பல்பு சார்.

அதற்கப்புறம் மாடிக்குப் போன யாரும் பாடம் கேட்காமல் இறங்கியதில்லை. கேஸ் போடுகிறவருக்கு சிலிண்டர் தோளில் இருக்கும்போதே பாடம் நடத்தினார் சார். "இன்னைக்கு நகத்தளவு சில்லுல அடங்கற ப்ராசஸர், இதுல பலகை பலகையா இருக்கு பாருங்க. ஒவ்வொரு பலகையும் ஒரு இலக்கத்தைப் பாத்துக்கும். கூட்டும்போது மிஞ்சற ஒண்ணைப் பக்கத்துப் பலகைக்குத் தள்ளிவிடும். கழிக்க மட்டும் தெரியாது. எண்ணைத் தலைகீழாக்கிக் கூட்டியே கழிச்சிடும்!"

"மூணாங்கிளாஸ் பசங்க நேராவே கழிப்பாங்க" என்பார் அவர் மனைவி ஜெயந்தி டீச்சர். கணக்கு டீச்சர்.

நவராத்திரிக்கு வெற்றிலை பாக்கு வாங்க வந்த பெண்களையும் சார் விடவில்லை. கொலுவைப் பார்த்த கையோடு உள்ளே கூட்டிப்போய் மெஷினை ஓடவிட்டார். வரிசை வரிசையாகப் பல்புகள் மினுக்கின. எதிர்வீட்டு அம்மா மெய்ம்மறந்து, "சீரியல் செட் ரொம்ப நல்லா இருக்கு, எங்க வாங்கினீங்க?" என்றார். சார் அன்று இரவு சுண்டல் சாப்பிடவில்லை.

பண்டிகை முடிந்த வாரமே வந்தது வினை. ஏழையும் ஒன்றையும் கூட்டச் சொன்னால் ஒரு பல்புகூட எரியவில்லை. பூஜ்யம்!

"எங்க ஸ்கூலா இருந்தா டி.சி. குடுத்து அனுப்பியிருப்போம்" என்றார் டீச்சர்.

சாருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "போகிக்குள்ள சரியா கூட்டலைன்னா பழைய இரும்புக்கே போட்டுடறேன்!" என்று மாடிப்படியில் நின்று சபதம் போட்டார். தெருவுக்கே கேட்டது.

ஐப்பசி போனது, கார்த்திகை போனது. பலகைகளை உருவி, டிரான்சிஸ்டர் ஒவ்வொன்றாக மீட்டரை வைத்துப் பார்த்தார். எல்லாம் கல்லுக்குண்டு போல இருந்தன. சார்தான் பாதியாக இளைத்தார். போகி நெருங்க நெருங்க, பாடம் எடுப்பதையே நிறுத்திவிட்டார். கேஸ்காரர் என்னிடம் வந்து, "சாருக்கு உடம்பு சரியில்லியா?" என்று விசாரித்தார்.

போகிக்கு முந்தின நாள் மத்தியானம் டார்ச் பிடிக்க என்னைக் கூப்பிட்டார். மேஜையில் ஒரு பலகை. செருகுகிற ஓரத்தில் தங்க நிறத்தில் பற்கள். ஒரு பல்மேல் கடுகளவு ஏதோ அப்பியிருந்தது.

"சார், இது என்ன மஞ்சளா?"

குனிந்தார். நகத்தால் சுரண்டி முகர்ந்தார். சந்தனம்!

"ஜெயந்தி!"

டீச்சர் கரண்டியோடு வந்தார். "ஆயுத பூஜைக்கு இந்தப் பலகையைக் கழட்டி மேஜைமேல வெச்சிருந்தீங்க. தங்கமாட்டம் பளபளன்னு இருந்துது, அங்க வெச்சேன். ஸ்கூட்டருக்கும்தான் வெச்சேன், ஓடலை?"

மிஞ்சிய ஒன்றைப் பக்கத்துப் பலகைக்குக் கடத்துகிற பல் அதுதான். காய்ந்த சந்தனம் வழியை அடைத்துவிட்டது. சார் வெடிக்கப்போகிறார் என்று நான் டார்ச்சை அணைத்துவிட்டு நழுவப் பார்த்தேன். அவரோ மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கும் வெச்சியா?"

"வீட்ல இருக்கறதுல ஒண்ணை மட்டும் எப்படி விடறது?" என்று சொல்லிவிட்டு டீச்சர் அடுப்பைப் பார்க்கப் போனார்.

சாயங்காலம் தெருவே மாடியில் நின்றது. ஏழும் ஒன்றும் போட்டார். ஒற்றைப் பல்பு எரிந்தது, எட்டுக்கு உரிய சரியான இடத்தில். கைதட்டல் ஓய்ந்ததும் எதிர்வீட்டு அம்மா கேட்டார்: "என்ன சார் ரிப்பேரு?"

"பழைய டிரான்சிஸ்டர்ம்மா" என்றார் சார், கண் இமைக்காமல். டீச்சர் எல்லாருக்கும் காபி கொண்டுவந்தார். முதல் டம்ளர் சாருக்குப் போனது.

என் மகன் லிஃப்ட் வைத்த ஃபிளாட்டுக்கு வந்துவிடச் சொல்லிப் பெரும்பாக்கத்திலிருந்து வாராவாரம் போன் பண்ணுகிறான். நல்ல ஃபிளாட்தான், காற்றும் வருமாம். பார்க்கலாம் என்று சொல்லி வைக்கிறேன். மேல் வீட்டில் இவர்கள் இரண்டு பேரும் இல்லாத இடத்தில் எனக்கென்ன வேலை?