பூட்டு சார் அடைத்த ஓட்டைகள்

எதிரே வருகிறவரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே சட்டைப் பையைப் பார்க்கிற மனிதர் விருத்தாசலத்திலேயே ஒருவர்தான் இருந்தார். பையில் பென்டிரைவ் இருக்கிறதா என்று பார்ப்பார். இல்லையென்றால்தான் வணக்கம் சொல்வார்.

நான் பீங்கான் கம்பெனியில் சூளை வேலை செய்கிறவன். அவர் அங்கே கம்ப்யூட்டர்களைக் கவனிக்க வந்தவர். எங்களுக்கு அவர் பூட்டு சார்.

முன்பு அவர் இருந்த கம்பெனியில் யாரோ சினிமா பார்க்க ஒரு பென்டிரைவைச் செருகியிருக்கிறார்கள். அதிலிருந்த வைரஸ் ஒவ்வொரு கம்ப்யூட்டராகத் தாவி, சூளைச் சூட்டை நடத்துகிற கம்ப்யூட்டரையும் பிடித்துவிட்டது. உள்ளே இருந்த சரக்கு மொத்தமும் வெடித்துப் போனது. ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்த கம்பெனி அத்தோடு மூடியது. அங்கே வேலை செய்த சிலர் இப்போது பஸ் ஸ்டாண்டில் வெள்ளரிப்பிஞ்சு விற்கிறார்கள். பூட்டு சார் தினமும் அவர்களிடம் வாங்குவார். தின்று நான் பார்த்ததில்லை.

எங்களிடம் வந்ததும், பென்டிரைவ் செருகுகிற ஓட்டைகளையெல்லாம் அடைக்கக் கிளம்பினார். அதற்கு எடுத்தது நாங்கள் கப் செய்கிற களிமண். ஒவ்வொரு ஓட்டையாக அப்பி, ஈர விரலால் மெழுகியும் விட்டார். ஒரு கம்ப்யூட்டர் அன்றே உயிரை விட்டது. மற்றவற்றில் மண் காய்ந்து, விழுந்த பல் மாதிரி மேசையில் கிடந்தது.

"காஞ்சா சுருங்கும்னு தெரியாதுங்களா சார்?" என்றார் கப்புக்குக் கைப்பிடி ஒட்டுகிற செல்வி அக்கா.

"அப்பவே சொல்லக் கூடாதாம்மா?"

"நீங்க எங்க கேட்டீங்க? புள்ளையாருக்கு சந்தனக் காப்பு சாத்துற மாதிரி அப்பிக்கிட்டு இருந்தீங்க."

பிறகு தண்ணீர்க்குழாய் ஒழுகலை அடைக்கிற பசைக்கு மாறினார். அது கல்லாகி நின்றது. இன்டர்நெட் ஒயரையும் பிடுங்கினார். வாசலில் ஒரு பீங்கான் ஜாடி வைத்தார். ஆடிட்டரானாலும் பென்டிரைவை அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். ஒருநாள் முதலாளி கீபோர்டைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டையில் போன் சார்ஜ் ஒயரைச் செருகினார். பூட்டு சார் வந்து உருவினார்.

"யோவ், கம்பெனி என்னுதுய்யா."

"அது வைரஸுக்குத் தெரியாதுங்க சார்."

மறுநாள் கீபோர்டும் மவுஸும் கம்ப்யூட்டரோடு சேர்த்து ஒட்டப்பட்டிருந்தன.

போன வருஷம் அவருக்கு வயிற்றில் ஏதோ கட்டி. ஸ்கேன் எடுத்த இடத்தில் படங்களைப் பென்டிரைவில் கொடுத்துவிட்டார்கள். பாண்டிச்சேரியில் டாக்டராக இருக்கும் முதலாளியின் மச்சான் அன்று கம்பெனிக்கு வந்திருந்தார்.

"குடுய்யா, ஒரு ஓட்டைய மட்டும் தொறந்து பாத்துடலாம்" என்றார் முதலாளி.

"ஊராருக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணுங்களா சார்?" என்று பூட்டு சார் தன் பென்டிரைவையும் ஜாடியில் போட்டார்.

மறுநாள் பஸ் பிடித்து, பாண்டிச்சேரியில் அதே டாக்டரிடம் போய்க் காட்டினார். அன்றே பார்த்திருந்தாலும் முற்றிய நோய்தான் என்றார் டாக்டர். மழைக்காலத்துக்குள் பூட்டு சார் போய்விட்டார்.

கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு வீட்டில் கல்யாணப் போட்டோ மட்டுமே இருந்தது. அடையாள அட்டையில் முகம் வியர்வையில் வெளுத்திருந்தது. அட்டைக்காக எடுத்த போட்டோ ஆபீஸ் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருந்தது. வெளியே எடுக்கத்தான் வழியில்லை. முதலாளி உளியோடு வந்தார்.

"அவரு அடைச்சத நாம தொறக்க வேணாங்க சார்" என்றார் செல்வி அக்கா. முதலாளி உளியைக் கீழே வைத்தார்.

திரையில் அவர் முகத்தைப் பெரிதாக்கச் சொல்லி, என் போனில் படம் பிடித்தேன். அதுதான் போஸ்டரில் வந்தது. ஜங்ஷன் ரோட்டுச் சுவர்களில் கிட்டே போய்ப் பார்த்தால், திரைக் கண்ணாடியில் விழுந்த என் உருவமும் மங்கலாகத் தெரியும். அழித்துவிடலாம் என்றார் பிரஸ்காரர். கூச்சத்தில் நான் அவரோடு நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டதில்லை. இருக்கட்டும் என்றேன்.

சரியாக அவர் கண் இருக்கிற இடத்தில் என் சட்டைப் பை. பார்த்துக்கொள்ளட்டும், காலிதான்.